எடைக்காரரின் ஒரே பாடம்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது கொஞ்சம் சுலபம். லிஃப்ட் வரும்வரை நிற்க மாட்டேன், படியேறிவிடுவேன். யாராவது ஒரு விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தால், "சரி, கடைசியா என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க" என்பேன். என் மகள் சின்ன வயதில் கதை கேட்க என்னிடம் வந்ததே இல்லை, அவள் அப்பாவிடம்தான் போவாள். பொதுச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கும் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் வகுப்பெடுத்தவளுக்கு இந்தக் குணம் ஆகாது. ஆனாலும் இருந்தது. அதனால் அடிபட்டது நான் இல்லை, எங்கள் எடைக்காரர்.

எடைக்காரர் என்பது நான் வைத்த பெயர். புரொஜெக்டர் அறையின் பொறுப்பு அவருக்கு. ஒல்லியான ஆள், சட்டைப்பையில் எப்போதும் நான்கு பேனா, அதில் எழுதுவது ஒன்றே ஒன்று. எங்களிடம் வருவதற்கு முன் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்திருக்கிறார். படத்தில் இருக்கும் முகப்பரு, கன்னத்துத் தழும்பு இவற்றையெல்லாம் மெல்லிய தூரிகையால் மறைக்கிற வேலை. "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிற போட்டோ பூரா என் கை பட்டதுதான் மேடம். எத்தனை பேர் என்னைத் திட்டினாங்களோ" என்று சிரிப்பார். அப்புறம் எங்கள் நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல். முதலில் கண்ணாடித் தாள், பிறகு ஸ்லைடு, பிறகு கம்ப்யூட்டர். எது வந்தாலும் அவர்தான் கற்றுக்கொண்டு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் இலவசப் பாடங்களின் நூலகம் ஒன்று தொடங்கினோம். எந்த நாட்டுச் சுகாதார ஆசிரியரும் தன் பாடத்தை இணையத்தில் போடலாம். யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம், தங்கள் மொழிக்கு மாற்றலாம், வெட்டலாம், ஒட்டலாம். காப்பியடிக்காதே என்று வருஷம் முழுக்கப் பிள்ளைகளை விரட்டுகிற நாங்கள், தயவுசெய்து காப்பியடியுங்கள் என்று ஊரையே கூப்பிட்டோம். நல்ல காரியம்தான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் எங்கள் பாடங்கள் கொழுத்துக் கிடந்தன. ஆளாளுக்கு ஸ்லைடுக்கு நான்கு படம், பின்னணியில் சூரிய உதயம் வேறு. எங்கேயோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடும் தொலைபேசி லைனில் இதை யார் திறப்பது? எடைக்காரர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கட்டடம் முழுக்க வேகமான லைன் வந்த பிறகும், தன் அறை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் பழைய தொலைபேசி லைனையும் விடாமல் வைத்துக்கொண்டார். மதியம் டிபன் கேரியரின் முதல் அடுக்கைத் திறக்கும்போது ஒரு பாடத்தை இறக்க ஆரம்பிப்பார். சாப்பிட்டு, மூன்று அடுக்கையும் கழுவி, துடைத்து, கேரியரின் கொக்கியை மாட்டுவதற்குள் பாடம் திறந்துவிட்டால் பாஸ். இல்லாவிட்டால் ஃபெயில்.

"மேடம், உங்க மலேரியா ஃபெயில்."

"ஏன், அதுல என்ன தப்பு?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. நான் கை கழுவிட்டு வந்துட்டேன், கொசு இன்னும் பாதிதான் வந்திருக்கு."

அதன் பிறகு உட்கார்ந்து எடை குறைப்பார். படத்தைச் சுருக்குவார், சூரிய உதயத்தைத் தூக்கிப் போடுவார். ஆனால் ஆசிரியர் எழுதியதில் ஒரு கமாவைக்கூடத் தொட மாட்டார். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால்கூடத் தாளில் குறித்துக்கொண்டு வந்து எங்கள் அனுமதி வாங்குவார். வாத்தியார் சொல் வாத்தியாருடையது, எடை மட்டும் தன்னுடையது என்று அவருக்கு ஒரு கணக்கு.

அவருக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாடத்தை இலேசாக்குவது எப்படி என்று பதினெட்டு ஸ்லைடில் அவரே ஒரு பாடம் செய்திருந்தார். அது நூலகத்தில் வர வேண்டும். நூலகக் குழு ஆசிரியர் அல்லாத ஒருவரின் பாடத்தை அதுவரை எடுத்ததில்லை. ஓர் ஆசிரியராவது பரிந்துரைத்தால் பார்க்கலாம் என்றார்கள். என்னிடம் வந்தார்.

"என்ன எடைக்காரரே, பேர் வரணும்னு ஆசை வந்துடுச்சா?" என்று சீண்டினேன்.

"ஆசைதான் மேடம்" என்றார் மறைக்காமல். "முப்பது வருஷமா எல்லார் பேரையும் நான்தானே டைப் பண்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பாடத்தைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாக இருந்தது. கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது.

அதைச் சொல்வதற்கு முன் என் ஐஸ் பேக் பாடத்தைச் சொல்ல வேண்டும். தடுப்பூசி மருந்தை ஊர் ஊராகக் கொண்டுபோகும் குளிர்ப்பெட்டியில், நான்கு பக்கமும் ஐஸ் பேக் வைப்பார்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு அதை வைக்கக் கூடாது. வெளியே வைத்திருந்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் வர வேண்டும். அதற்கு முன் வைத்தால் அந்தக் குளிரில் சில மருந்துகள் உறைந்துவிடும். உறைந்தால் செத்த மருந்து. ஊசி போட்டும் போடாத மாதிரிதான். இந்த ஸ்லைடில் ஒரு கை ஐஸ் பேக்கை ஆட்டுகிற படமும், "பெட்டியில் வைக்கும் முன் ஆட்டவும்" என்ற ஒரே வரியும் போட்டிருந்தேன். மற்றதெல்லாம் ஒலிப்பதிவு. முப்பது விநாடி, என் குரல், கடைசியில் அந்தத் தண்ணீர்ச் சத்தம். ஸ்லைடில் எழுத்து குறைவாக இருப்பது எனக்குப் பெருமை. மற்றவர்களுக்கு அதைப் பற்றி வகுப்பே எடுப்பேன்.

கடிதத்துக்கு ஒரு வருஷம் முன்னால், ஒரு நாள் கைநிறைய விடைத்தாளோடு வராந்தாவில் போய்க்கொண்டிருந்தேன். பைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடைக்காரர் எதிரே வந்தார்.

"மேடம், ஐஸ் பேக் பாடத்துல அந்த சவுண்டு மட்டும் அஞ்சு எம்.பி. அதை எடுத்துட்டா பாடம் பாஸ்."

"எடுத்துத் தொலைங்க."

"எடுத்துட்டு, அதுல நீங்க சொல்றதை ஒரு வரியா எழுதிடலாமா? எப்படி எழுதணும்னு நீங்களே சொன்னா..."

"ஐயோ, அப்புறம் பேசலாம்ங்க. போன் அடிக்குது பாருங்க."

அந்த அப்புறம் வரவேயில்லை. போனில் யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன், ஞாபகம் இல்லை. அவர் சத்தத்தை எடுத்தார். பாடம் கேரியர் கழுவுவதற்குள் திறந்தது.

கடிதம் எழுதியவர் தொலைதூரத்து ஊர் ஒன்றில் தடுப்பூசிப் பொறுப்பில் இருந்த நர்ஸ். திட்டிக்கூட எழுதவில்லை. எங்கள் பாடத்துக்கு நன்றி சொல்லித்தான் ஆரம்பித்திருந்தார். தங்கள் மொழிக்கு மாற்றிச் சுவரில் ஒட்டியிருக்கிறாராம். அதன்படி எல்லாரும் ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் பத்து முறை நன்றாக ஆட்டிவிட்டு உடனே பெட்டியில் வைக்கிறார்களாம். அப்படியும் மருந்து உறைந்துவிடுகிறதாம். ஊசி போட்ட குழந்தைகளுக்கே கக்குவான் இருமல் வந்து, பதினொரு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு பேர் இறந்துபோனார்கள். பத்து முறை போதாதா, மேலும் கீழுமாக ஆட்ட வேண்டுமா, பக்கவாட்டில் ஆட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தார்.

நிலைய முதல்வர் எங்கள் இருவரையும் அழைத்தார். மேஜைமேல் கடிதம் இருந்தது. பக்கத்தில் கண்ணாடிப் பேப்பர்வெயிட், அதற்குள் ஒரு நீலப்பூ. அந்தப் பூவுக்கு ஐந்து இதழ்.

"சவுண்டை யார் எடுத்தது?"

"நான்தான் சார்" என்றார் எடைக்காரர்.

"மேடத்தைக் கேட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பூவைப் பார்த்தேன். அதனால்தான் இதழ் எத்தனை என்று இன்னும் தெரிகிறது.

"சரியா கேட்கலை சார்" என்றார்.

அந்த வருஷம் துறைத்தலைவர் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. அதற்காக வாயை மூடிக்கொண்டேன் என்றால்கூட ஏதோ ஒரு காரணம் ஆகும். சத்தியமாக அது அப்போது நினைவுக்கே வரவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். இரண்டு குழந்தைகள் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் என் பெயர் வந்துவிடக் கூடாது என்று பயம். வெளியே வந்ததும் அவரிடம் ஏதாவது சொல்ல நினைத்தேன். அவர், "சாப்பாட்டு நேரம் ஆச்சு மேடம், வரேன்" என்று போய்விட்டார்.

பாடத்தைத் திருத்தினோம். எடுத்துப் போனவர்களில் முகவரி தெரிந்தவர்களுக்கு எழுதினோம். அந்த நர்ஸுக்கு நானே பதில் எழுதினேன், அதிலும் "தொழில்நுட்பத் தவறு" என்றுதான் எழுதினேன். ஆசிரியர் அல்லாதவர்கள் இனிப் பாடங்களில் கைவைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. எடைக்காரரைப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள். உடைந்த நாற்காலி, ஓடாத மின்விசிறி, பழைய கரும்பலகை, இவற்றுக்குக் காவல். அவருடைய பாடத்தை நிகழ்ச்சிநிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் குழுவில் உட்கார்ந்திருந்தேன், கையைத் தூக்கவில்லை.

மூன்று வருஷம் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றார். கடைசி நாள் என் அறைக்கு வந்து காகித உறையில் ஒரு சி.டி. கொடுத்தார்.

"அந்தப் பாடத்துல கொஞ்சம் மாத்தியிருக்கேன் மேடம். நேரம் கிடைக்கும்போது ஒருதடவை பாருங்க. உங்களுக்குச் சரின்னு பட்டா மட்டும் போடுங்க. இல்லைன்னா வேண்டாம்."

"கண்டிப்பா பார்க்கிறேன்" என்றேன். இழுப்பறையில் போட்டேன். அது அங்கே இரண்டு வருஷம் கிடந்தது.

அதற்குள் நான் துறைத்தலைவர், நூலகக் குழுவுக்கும் தலைவர். ஒருநாள் இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது சி.டி. கையில் தட்டுப்பட்டது. மனசு உறுத்தியது. இப்போதாவது செய்துவிடலாம், யார் தடுக்கப் போகிறார்கள்? முதல் ஸ்லைடைத் திறந்து அவர் பெயரில் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அன்று பிற்பகலே நூலகத்தில் ஏற்றினேன், கொட்டை எழுத்தில் அவர் முழுப்பெயரோடு. ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் பாட்டுக்கூட முணுமுணுத்தேன், வெட்கம் கெட்டவள்.

பாடம் பரபரவென்று போனது. ஒரே மாதத்தில் அறுபது இடங்களில் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. முதல் கடிதத்தில் ஓர் ஆசிரியர், "பதினேழாவது ஸ்லைடை முதல் நாள் வகுப்பிலேயே காட்டுகிறேன். தன் தவறை இப்படி வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்?" என்று எழுதியிருந்தார். எந்தத் தவறு? பதினேழாவது ஸ்லைடைத் திறந்தேன்.

ஐஸ் பேக்கை ஆட்டும் அதே கை. மூலையில் ஒரு ஒலிபெருக்கிக் குறி. அழுத்தினால் நான்கு விநாடி தண்ணீர் தளும்பியது. கீழே எழுதியிருந்தார்:

"இந்தச் சத்தத்தை ஒரு பாடத்திலிருந்து நான் எடுத்துவிட்டேன். அன்று பேச்சோடு சேர்த்து இதன் எடை ஐந்து எம்.பி. இன்று சத்தம் மட்டும் பன்னிரண்டு கே.பி. இப்படிச் சுருக்க அன்று எனக்குத் தெரியவில்லை. இதில் இருந்த செய்தி அந்தப் பாடத்தில் எழுத்தாக எங்கும் இல்லை. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். எதையும் எடுக்கும் முன் ஆசிரியரிடம் பேசுங்கள். அவர் அவசரத்தில் இருந்தால் மறுநாள் மறுபடி போய்ப் பேசுங்கள். நான் பேசவில்லை. தவறு என்னுடையது."

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது. ஒருதடவை பாருங்க என்று கொடுத்தாரே, பதினெட்டு ஸ்லைடைப் பார்க்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்குமா? அந்தப் பத்து நிமிஷமும் எனக்கு இல்லாமல் போனது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, குறுகிய படி, கைப்பிடிக் கம்பியில் துணி காயப்போட்டிருந்தார்கள். அவர் மனைவி கதவைத் திறந்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அளந்து பேசுகிறவர். எடைக்காரர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார், பாடத்தை ஏற்றியது அவருக்குத் தெரிந்திருந்தது.

"பேரைப் பார்த்தேன் மேடம். ரொம்பச் சந்தோஷம். பெரிய எழுத்துல போட்டிருக்கீங்க."

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. "பதினேழாவது ஸ்லைடை நேத்துதான் பார்த்தேன்" என்றேன். "ஏத்துறதுக்கு முன்னாடி பார்க்கலை. நீங்க என்கிட்ட வந்தீங்க. எடுத்துத் தொலைங்கன்னு சொன்னது நான். ஒரு வரி எழுதலாமான்னு நீங்க கேட்டதுக்கு நின்னு பதில் சொல்லாதவளும் நான்தான். அதை ஒரு ஸ்லைடா எழுதிச் சேர்த்துடறேன்."

"சேர்க்கலாம்" என்றார் யோசித்துக்கொண்டே, பழையபடி புரொஜெக்டர் அறையில் நின்று பேசுவதைப் போல. "ஆனா ஏற்கெனவே எடுத்துட்டுப் போனவங்களுக்கு அது போய்ச் சேராதே மேடம். நம்ம நூலகத்துல அதான் சிக்கல். போனது போனதுதான்."

டீ டம்ளரோடு வந்த அவர் மனைவி நின்றுவிட்டார்.

"கேட்டாரா?" என்றார் என்னிடம். "இவர் உங்களைக் கேட்டாரா?"

"கேட்டார்மா."

"அஞ்சு வருஷமா என்கிட்ட நான் கேட்கலை, நான் கேட்கலைன்னே சொல்லிட்டிருக்காரு. தண்ணி பாட்டிலை எடுத்தா காதுகிட்ட ஆட்டிப் பார்க்காம குடிக்க மாட்டாரு. அந்த ரெண்டு குழந்தைக்கு இப்ப என்ன வயசு இருக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்லுவாரு. நான் வேற, ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னன்னு இவரைத் திட்டியிருக்கேன்." டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் கணவரிடம் திரும்பினார். "ஏன் சொல்லலை?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மறுநாள் மேடம் ரூம் வாசல் வரைக்கும் போனேன். உள்ள யாரையோ சத்தம் போட்டுட்டிருந்தாங்க. திரும்பி வந்துட்டேன். அது என் தப்புதானே? அப்புறம், அவங்க பேரு பெரிய பேரு. அது கெட்டுப்போச்சுன்னா அவங்க போட்ட நாற்பது பாடத்தையும் எவனும் தொட மாட்டான். அத்தனையும் நல்ல பாடம். என் பேரு எங்கயும் இல்லையே. இல்லாத பேருக்கு என்ன கெட்டுடப் போகுது?"

அந்த இல்லாத பெயரைத்தான் நான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன், அந்த ஸ்லைடு உள்ள பாடத்தின்மேல்.

என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் மனைவி, "டீ ஆறிடும், குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வாரமே புது ஸ்லைடைச் சேர்த்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி, அடியில் என் பெயரையும் பதவியையும் போட்டேன். நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். பழைய கதை, கிளற வேண்டாம் என்று கோப்பில் வைத்துவிட்டார்கள். புதுப் பாடத்தை இதுவரை ஒன்பது பேர் எடுத்திருக்கிறார்கள். பழையது எங்களிடமிருந்தே அறுபது இடங்களுக்குப் போயிருந்தது, அங்கிருந்து எத்தனை இடங்களுக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினேன். சிலர் மாற்றிக்கொண்டார்கள். சிலர், பழையதே நன்றாக இருக்கிறது, மாணவர்கள் மனதில் பதிகிறது என்று எழுதினார்கள்.

நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். கடிதங்கள் மட்டும் இன்னும் வருகின்றன. நேற்று ஒன்று, நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஊரில் ஒரு நர்ஸ் பள்ளியிலிருந்து. அவர்கள் மாணவிகள் ஐஸ் பேக்கைக் காதில் வைத்துத் தண்ணீர்ச் சத்தம் வந்த பிறகே பெட்டியில் வைக்கிறார்களாம். கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தார்கள். அங்கே யாராவது கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஒரு காரியத்தைச் செய்துவிட்டால், அவளை அந்த எடை குறைத்தவரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். விளையாட்டாகத்தான், ஆனால் நன்றாகப் பலிக்கிறதாம்.

உட்கார்ந்து பதில் எழுதினேன். அவர் கேட்டார், நான்தான் நிற்கவில்லை என்று எழுதினேன். இனிமேல் அவர் பெயருக்குப் பதிலாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, பிழை வராமல் இருக்க என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. காத்திருக்கிறேன்.